~/பின்-ல இருக்கிற ஸ்கிரிப்ட் திடீர்னு "கமாண்ட் நாட் ஃபவுண்ட்": பாத்தை எந்த ஃபைல்லதான் செட் பண்றது?

பனங்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க டிபார்ட்மென்ட் சர்வர் உபுண்டு 22.04. லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்எச் வழியா உள்ள போய் வேலை பாப்பேன். ~/பின் ஃபோல்டர்ல சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் வச்சிருக்கேன். லாக் ஃபைல்ல எரர் மட்டும் பொறுக்கி எடுக்க ஒண்ணு, பேக்கப்புக்கு ஒண்ணு, இப்படி. பேரை அடிச்சா ஓடும். இத்தனைக்கும் பாத்ல (கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கிற பட்டியல்) நான் கை வச்சதே இல்ல.

ப்ராஜெக்ட்டுக்காக ஒரு எஸ்டிகே (ப்ரோக்ராம் எழுதுறதுக்கான கருவித் தொகுப்பு) இன்ஸ்டால் பண்ணேன். அடுத்த தடவை லாகின் பண்ணா ஒரு ஸ்கிரிப்டும் வரல. "பேக்கப்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்" னு சொல்லுது. ~/பின்/பேக்கப் னு முழுசா அடிச்சா சமத்தா ஓடுது. எக்கோ $பாத் அடிச்சா வர்றது இது:

/யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்:/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/யூஎஸ்ஆர்/பின்:/எஸ்பின்:/பின்:/யூஎஸ்ஆர்/கேம்ஸ்:/யூஎஸ்ஆர்/லோக்கல்/கேம்ஸ்:/ஸ்னாப்/பின்:/ஹோம்/பனை/எஸ்டிகே/பின்

நெட்ல தேடினா ஒருத்தர் பாஷ்ஆர்சி-ங்கிறார், இன்னொருத்தர் ப்ரொஃபைல், வேற ஒருத்தர் பாஷ்_ப்ரொஃபைல், கடைசியா ஒருத்தர் /இடிசி/என்விரான்மென்ட். நாலுல எது?

வேகப்புயல் எழுதியது:

ப்ரோ, இதுக்குப் போய் இவ்ளோ யோசிக்கிறீங்க. ~/.பாஷ்ஆர்சி-ல கடைசி வரியா இதைப் போடுங்க:

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/பின்:$பாத்"

லாகவுட், லாகின். முடிஞ்சுது கதை.

சர்வர்_அக்கா எழுதியது:

தம்பி, எதையும் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. முன்னாடி ப்ராம்ப்ட் பச்சைக் கலர்ல இருந்திருக்கும், இப்ப வெறும் வெள்ளையா இருக்கா? அப்புறம், எல்எல் (ஃபைல் பட்டியலுக்கான சுருக்குப் பேர்) அடிச்சா அதுவும் நாட் ஃபவுண்ட் வருதா?

பனங்காட்டான் எழுதியது:

அக்கா, ரெண்டுமே ஆமா! கலர் போனதை டெர்மினல் செட்டிங்னு நினைச்சு விட்டுட்டேன். எல்எல்-ம் வரல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

சர்வர்_அக்கா எழுதியது:

உங்க பாத்லயே விடை இருக்கு. ~/பின் காணோம், எஸ்டிகே மட்டும் கடைசில ஒட்டியிருக்கு. அப்படின்னா உங்க பழைய ஃபைலை யாரும் படிக்கல, வேற ஒரு ஃபைலைப் படிச்சிருக்காங்க. ஹோம்ல எல்எஸ் -ஏ அடிச்சுப் பாருங்க, ".பாஷ்_ப்ரொஃபைல்" னு புதுசா ஒண்ணு உட்கார்ந்திருக்கும். உள்ள ஒரே ஒரு வரி இருக்கும்.

நீங்க அடிக்கிற கமாண்டைப் படிச்சு ஓட்டுறது ஷெல், உங்க சர்வர்ல அது பாஷ். எஸ்எஸ்எச் வழியா உள்ள வந்தா உங்களுக்குக் கிடைக்கிறது லாகின் ஷெல். பாஷ் அப்போ முதல்ல /இடிசி/ப்ரொஃபைல் படிக்கும். அப்புறம் ஹோம்ல மூணு பேரை வரிசையாத் தேடும்: .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல். இதுல முதல்ல கிடைக்கிறதை மட்டும் படிச்சுட்டு நிறுத்திடும். மத்த ரெண்டும் இருந்தாலும் தொடாது.

உபுண்டு உங்களுக்குக் கொடுக்கிறது .ப்ரொஃபைல் மட்டும்தான். அதுக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, பாஷ்ஆர்சி-யைக் கூப்பிடுறது (ப்ராம்ப்ட் கலர், எல்எல் எல்லாம் அங்கதான் இருக்கு). இன்னொண்ணு, ~/பின், ~/.லோக்கல்/பின் ரெண்டும் இருந்தா பாத்தோட முன்னாடி சேர்க்கிறது. நீங்க எதுவுமே செட் பண்ணாம ஸ்கிரிப்ட் ஓடினதுக்குக் காரணம் அதுதான். எஸ்டிகே இன்ஸ்டாலர் வந்து .பாஷ்_ப்ரொஃபைல் உருவாக்கிட்டதால .ப்ரொஃபைல் செத்துப் போச்சு.

அதனால வேகப்புயல் சொன்ன மாதிரி பாஷ்ஆர்சி-ல போட்டாலும் இப்போ உங்களுக்கு வேலை செய்யாது. அதையே யாரும் படிக்கலையே!

பனங்காட்டான் எழுதியது:

அக்கா, நீங்க சொன்னது அப்படியே சரி. .பாஷ்_ப்ரொஃபைல் இருக்கு, உள்ள எஸ்டிகே வரி மட்டும். அந்த வரியை .ப்ரொஃபைல் கடைசில போட்டுட்டு .பாஷ்_ப்ரொஃபைலை அழிச்சுட்டேன். திரும்ப லாகின் பண்ணா எல்லாம் வந்திருச்சு. நன்றி!

வேகப்புயல் எழுதியது:

சரி, இந்தக் கேஸ்ல அக்கா ஜெயிச்சாங்க, ஒத்துக்கிறேன். ஆனா பொதுவா பாஷ்ஆர்சி-தான் வசதி. உபுண்டு டெஸ்க்டாப்ல டெர்மினலைத் திறந்தா வர்றது லாகின் ஷெல் இல்ல, அது பாஷ்ஆர்சி மட்டும்தான் படிக்கும். .ப்ரொஃபைல்ல மாத்தினா முழு செஷனையும் லாகவுட் பண்ணி வரணும். பாஷ்ஆர்சி-ல போட்டா புது டேப் திறந்தா போதும்.

சர்வர்_அக்கா எழுதியது:

வசதிதான். ஆனா டெஸ்க்டாப்ல ஐகானைக் கிளிக் பண்ணித் திறக்கிற எடிட்டர், ஐடிஇ எல்லாம் பாஷ்ஆர்சி-யைப் பார்க்கிறதே இல்ல. "டெர்மினல்ல ஜாவா ஓடுது, ஐடிஇ-க்குள்ள கிடைக்கல" னு மாசம் ஒருத்தராவது இங்க வந்து கேக்குறாங்க. காரணம் இதுதான்.

பாத்ங்கிறது சிஸ்டம் முழுக்கப் பொதுவா ஓரிடத்துல இருக்கிற செட்டிங் இல்ல. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தன்னோட காப்பி இருக்கு. அப்பன் சொத்து பிள்ளைக்கு வரும், பிள்ளை சம்பாதிச்சது அப்பனுக்குத் திரும்பப் போகாது. செட்-பாத் னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிட்டு "ஒண்ணும் மாறலையே" ன்னு முழிக்கிறவங்க இதை மறந்துடுறாங்க. அந்த ஸ்கிரிப்ட் தனி ப்ராசஸா ஓடி, தன் காப்பியை மாத்திட்டு, செத்துடுச்சு. இப்போ இருக்கிற ஷெல்லுக்குள்ளயே மாறணும்னா சோர்ஸ் போட்டு ஓட்டணும்.

அதனால "எந்த ஃபைல்" னு கேக்குறதுக்கு முன்னாடி "என் ப்ரோக்ராமை யார் ஸ்டார்ட் பண்றாங்க" ன்னு கேளுங்க.

பழைய_ஷெல் எழுதியது:

அக்கா சொல்வதோடு முழுதும் உடன்படுகிறேன். பாஷ்ஆர்சி-க்கு எதிராக இன்னொன்றும் உண்டு. ஷெல்லுக்குள் ஷெல் திறக்கும்போதெல்லாம் அந்த வரி மறுபடி ஓடி, பாத் நீண்டுகொண்டே போகும். ஒரே ஃபோல்டர் ஐந்து முறை வரும்.

வேகப்புயல் எழுதியது:

சார், ஒரே டெர்மினலைப் பலதாப் பிரிக்கிற டீமக்ஸ் ஒவ்வொரு பேனலையும் லாகின் ஷெல்லாத்தான் திறக்கும், அதுவும் டீஃபால்ட்டாவே. அப்போ .ப்ரொஃபைல்ல போட்டாலும் அதே கதைதான். எங்க போட்டாலும் நீளும், இப்படி ஒரு காவல் வைக்காத வரைக்கும்:

கேஸ் ":$பாத்:" இன்
*":$ஹோம்/பின்:"*) ;;
*) பாத்="$ஹோம்/பின்:$பாத்" ;;
எசாக்

ரெண்டு பக்கமும் முக்காற்புள்ளி போட்டிருக்கிறதைக் கவனிங்க. அது இல்லாட்டி ~/பின் தேடும்போது ~/பின்னி கூடப் பொருந்திடும்.

பழைய_ஷெல் எழுதியது:

டீமக்ஸ் விஷயம் சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் காவலும் நன்று.

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

நடுவுல நுழையறேன். லேப்டாப்ல இருந்து "எஸ்எஸ்எச் சர்வர் பேக்கப்" னு ஒரே வரில அடிச்சா நாட் ஃபவுண்ட். உள்ள போய் அடிச்சா ஓடுது. இது எந்த ஃபைலோட குத்தம்?

சர்வர்_அக்கா எழுதியது:

இதுல நான் சொன்ன .ப்ரொஃபைலும் தோத்துடும், வேகப்புயலோட பாஷ்ஆர்சி கடைசி வரியும் தோத்துடும்.

அப்படி ஒரே வரில கட்டளை கொடுத்தா அது லாகின் ஷெல்லும் இல்ல, ஆள் உட்கார்ந்து அடிக்கிற ஷெல்லும் இல்ல. .ப்ரொஃபைல் படிக்கப்படாது. எஸ்எஸ்எச் வழியா வந்திருக்குன்னு தெரிஞ்சா பாஷ் விதிவிலக்கா பாஷ்ஆர்சி-யைப் படிக்கும். ஆனா உபுண்டு பாஷ்ஆர்சி-யோட தலையிலேயே "ஆள் இல்லன்னா இங்கயே திரும்பிடு" ன்னு ஒரு கேஸ் இருக்கு. அதுக்குக் கீழ என்ன எழுதினாலும் எட்டாது. அந்தக் கேஸுக்கு மேல போட்டா வேலை செய்யும். இல்லன்னா முழுப் பாதையோட '~/பின்/பேக்கப்' னு ஒற்றை மேற்கோளுக்குள்ள கூப்பிடுங்க, மேற்கோள் இல்லன்னா ~ லேப்டாப்லயே விரிஞ்சுடும். நான் ரெண்டாவதைத்தான் செய்வேன்.

வேகப்புயல் எழுதியது:

ஆக பாஷ்ஆர்சி-யோட முதல் வரி! அங்க போட்டா உபுண்டுல லாகின், டேப், எஸ்எஸ்எச் மூணுக்கும் கிடைக்குது. நான் சொன்னது முக்கால்வாசி சரி.

சர்வர்_அக்கா எழுதியது:

ஐகான் கிளிக், க்ரான் (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுறது), சூடோ (ரூட் அதிகாரத்தோட ஓட்டுறது) மூணுக்கும் கிடைக்காது. அரைவாசி வச்சுக்கலாம் 🙂

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

க்ரான் பேரை எடுத்ததும் வயித்துல புளியைக் கரைக்குது. கையால ஓட்டினா ஓடுற ஸ்கிரிப்ட் ராத்திரி 2 மணிக்கு மட்டும் ஓடாது. காலைல வந்து மேனேஜர்கிட்ட நான்தான் பதில் சொல்லணும்.

பழைய_ஷெல் எழுதியது:

க்ரான் உங்கள் பாஷ்ஆர்சி, .ப்ரொஃபைல் எதையும் சீண்டாது. டெபியன், உபுண்டுவில் பயனர் க்ரான்டேபுக்குக் கிடைக்கும் பாத் இவ்வளவுதான்: /யூஎஸ்ஆர்/பின்:/பின். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கூட அதில் கிடையாது.

க்ரான்டேபின் தலையிலேயே பாத்=... என்று ஒரு வரி எழுதலாம். ஆனால் அது ஷெல் வரி அல்ல. அங்கே $பாத் என்று எழுதினால் விரிவடையாது, அப்படியே எழுத்தாகவே நின்றுவிடும். எல்லா ஃபோல்டரையும் முழுதாக எழுதவேண்டும். /இடிசி/என்விரான்மென்ட் ஃபைலிலும் இதே சிக்கல் உண்டு. அதைப் படிப்பது ஷெல் அல்ல, லாகின் நேரத்தில் பாம் (லாகினைச் சரிபார்க்கும் பகுதி). எக்ஸ்போர்ட் பாத்=$ஹோம்/பின்:$பாத் என்று பாஷ் பழக்கத்தில் அங்கே எழுதியவர்கள் எல்எஸ் கூடக் கிடைக்காமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சூடோவுக்கு /இடிசி/சூடோயர்ஸ் ஃபைலில் செக்யூர்_பாத் என்று தனிப் பட்டியல் உள்ளது. அது உங்கள் பாத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன்னுடையதை வைக்கும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. அதில் உங்கள் ~/பின்-ஐச் சேர்க்காதீர்கள். சூடோவுக்குப் பின் முழுப் பாதையைக் கொடுங்கள்.

சர்வர்_அக்கா எழுதியது:

சூடோன்னதும் சூ (வேற யூசரா மாறுற கமாண்ட்) ஞாபகம் வருது. 2019-ல டெபியன் 10 வந்தப்போ சூ-வோட நடத்தை மாறிச்சு. வெறும் சூ போட்டா பழைய யூசரோட பாத்தே ஒட்டிக்கும், எஸ்பின் எதுவும் வராது, ரூட்டா இருந்துக்கிட்டே "ஆட்யூசர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்". சூ -  ன்னு கோடு போட்டுப் போனா சரியா வரும். பழைய கைப்பழக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிஸ்டமே கெட்டுப்போச்சுன்னு நினைச்சாங்க.

கடிச்ச_ஆப்பிள் எழுதியது:

மேக் வச்சிருக்கிற ஆளுங்களையும் கொஞ்சம் கவனிங்கப்பா. இங்க கதையே வேற. 2019-ல கேட்டலினா வந்ததுல இருந்து டீஃபால்ட் ஷெல் இசட்-ஷெல். டெர்மினல் ஆப் திறக்கிற ஒவ்வொரு விண்டோவும் லாகின் ஷெல். பாஷ்ஆர்சி-ல எழுதிட்டு மண்டையை உடைச்சுக்க வேண்டாம், அதை யாரும் படிக்கப் போறதில்ல.

முதல்ல .இசட்எஸ்எச்என்வி, பிறகு .இசட்ப்ரொஃபைல், பிறகு .இசட்எஸ்எச்ஆர்சி. "என்வி-தான் எப்பவும் படிக்கப்படும், அங்கயே போட்டுடலாம்" னு தோணும். போட்டீங்கன்னா மாட்டுவீங்க. அதுக்கு அப்புறம் /இடிசி/இசட்ப்ரொஃபைல் ஓடி, பாத்_ஹெல்ப்பர்னு ஒரு ப்ரோக்ராமைக் கூப்பிடும். அது /இடிசி/பாத்ஸ் ஃபைல்ல இருக்கிறதை எல்லாம் முன்னாடி வச்சுட்டு, நீங்க போட்டதைக் கடைசிக்குத் தள்ளிடும். ஹோம்ப்ரூ (மேக்ல ப்ரோக்ராம் இன்ஸ்டால் பண்ற கருவி) போட்ட பைத்தானுக்குப் பதிலா ஆப்பிளோட பைத்தான் வந்து நிக்கிறதுக்கு இது ஒரு காரணம். .இசட்ப்ரொஃபைல்ல போட்டா பாத்_ஹெல்ப்பர் முடிஞ்சப்புறம் ஓடும், வரிசை கலையாது.

எம்1-ல தொடங்கி ஆப்பிள் சிப் இருக்கிற மேக்ல ஹோம்ப்ரூ இருக்கிறது /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின். பழைய இன்டெல் மேக்ல /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின். பழைய மேக்ல இருந்து டாட்ஃபைல்களை அப்படியே தூக்கிட்டு வந்தா இடிக்கும்.

டூப்ளிகேட்டுக்கு இசட்-ஷெல்ல காவல் எல்லாம் தேவையே இல்ல. டைப்செட் -யூ பாத் னு (யூ பெரிய எழுத்து) ஒரு வரி போட்டா அதுவே களைஞ்சுடும்.

பனங்காட்டான் எழுதியது:

இவ்ளோ விஷயம் வரும்னு எதிர்பார்க்கல. ஒரு சந்தேகம். உபுண்டு என் ~/பின்-ஐ முன்னாடி போடுது, எஸ்டிகே தன்னைப் பின்னாடி போட்டுக்கிச்சு. எது சரி?

வேகப்புயல் எழுதியது:

முன்னாடிதான் ப்ரோ. ஷெல் இடமிருந்து வலமாத் தேடும், முதல்ல கிடைச்சதை ஓட்டும். சிஸ்டத்துல பழைய வெர்ஷன் இருந்து நீங்க புதுசு போட்டிருந்தா, பின்னாடி சேர்த்து என்ன பிரயோஜனம்?

பழைய_ஷெல் எழுதியது:

இதில் நான் எதிர்க்கட்சி. சிஸ்டத்தில் இல்லாத பெயர்களை மட்டும் கொண்ட ஃபோல்டருக்குப் பின்வரிசையே போதும். முன்னால் வைப்பதென்றால், அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை உங்களுக்கு மட்டும் இருக்கவேண்டும். வேறொருவர் எழுத முடிகிற ஃபோல்டரை முன்னால் வைத்தால், அவர் எல்எஸ் என்ற பெயரில் எதை வைத்தாலும் உங்கள் கையால் ஓடும்.

யூனிக்ஸின் ஆரம்ப ஷெல்லில் தேடும் இடங்கள் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. இன்று நாம் பேசும் பாத், 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் போர்ன் ஷெல்லோடு வந்தது. அப்போது பட்டியலில் நடப்பு ஃபோல்டரையும் வைப்பது சர்வசாதாரணம். ஒரே மெஷினைப் பலர் பகிர்ந்த கல்லூரிகளில் அது விளையாட்டாகி, பிறகு விபரீதமானது. /டிஎம்பி-யில் ஒருவர் எல்எஸ் என்று ஒரு ஸ்கிரிப்டை வைப்பார். அட்மின் ரூட்டாக அங்கே போய் எல்எஸ் அடிப்பார். அவ்வளவுதான். இன்று ./ போட்டு ஓட்டச் சொல்வது அதனால்தான்.

நடப்பு ஃபோல்டரைக் குறிக்கும் புள்ளியை யாரும் இப்போது வேண்டுமென்றே வைப்பதில்லை. ஆனால் தெரியாமல் நுழைகிறது. பாத்தில் வெற்று இடம் என்றால் நடப்பு ஃபோல்டர் என்று பொருள். தொடக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, கடைசியில் ஒன்று, நடுவில் இரண்டு அடுத்தடுத்து, எதுவானாலும். இதைப் பாருங்கள்:

எக்ஸ்போர்ட் பாத்="$எஸ்டிகே_ஹோம்:$பாத்"

எஸ்டிகே_ஹோம் எங்கும் செட் ஆகாத நாளில் இந்த வரி என்ன ஆகும்? பாத் முக்காற்புள்ளியோடு தொடங்கும். நடப்பு ஃபோல்டர் பட்டியலின் முதலிடத்துக்கு வந்துவிடும். எரர் ஒன்றும் வராது. இன்ஸ்டால் வழிகாட்டிகளில் இந்த வரி எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

சர்வர்_அக்கா எழுதியது:

பழைய_ஷெல் சார் சொன்னதை எல்லாரும் இப்பவே செக் பண்ணுங்க:

எக்கோ "$பாத்" | டிஆர் ':' '\என்'

வரிக்கு ஒண்ணா வரும். எங்கயாவது வெறும் வரி தெரிஞ்சா அதுதான் ஓட்டை.

டில்டாவையும் (~ குறி) பாருங்க. "~/பின்:$பாத்" னு மேற்கோளுக்குள்ள எழுதினா டில்டா விரியாது, எழுத்தா நிக்கும். ஆனா தேடும்போது பாஷ் பெரிய மனசு பண்ணி அதை விரிச்சுப் புரிஞ்சுக்கும், மத்த ப்ரோக்ராம் புரிஞ்சுக்காது. நீங்க அடிச்சா ஓடும், மேக்ஃபைல்ல இருந்து கூப்பிட்டா ஓடாது, விச் கேட்டா இல்லன்னு சொல்லும். மேற்கோளுக்குள்ள எப்பவும் $ஹோம்.

வெள்ளை_எலி எழுதியது:

அவசரம்!! இந்த இழையைப் பார்த்துட்டு .ப்ரொஃபைல்ல பாத்="$ஹோம்/பின்" னு போட்டு லாகின் பண்ணேன். எல்எஸ் வரல, நானோ வரல, சூடோ கூட வரல. சிடி மட்டும் வேலை செய்யுது. ஃபார்மட் பண்ணணுமா?

சர்வர்_அக்கா எழுதியது:

ஐயோ, ஃபார்மட் எல்லாம் வேண்டாம். கடைசில :$பாத் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். ப்ரோக்ராம் எல்லாம் அங்கயேதான் இருக்கு, எங்க தேடணும்னு ஷெல்லுக்குத் தெரியல. சிடி, எக்கோ ரெண்டும் ஷெல்லுக்குள்ளயே இருக்கிறதால தப்பிச்சுது. இதை அடிங்க:

பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்

சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி கூடாது. விட்டா "பாத்" ங்கிறதையே ஒரு கமாண்டா நினைச்சு, அதுவும் நாட் ஃபவுண்ட்னு சொல்லும். இப்போ நானோ வரும், ஃபைலைத் திருத்துங்க. இனிமே இந்த மாதிரி ஃபைல்ல கை வைக்கும்போது இன்னொரு டெர்மினலை லாகின்லயே விட்டு வைங்க. புதுசா ஒண்ணுல லாகின் பண்ணிப் பார்த்து, சரின்னு தெரிஞ்சப்புறம் பழசை மூடுங்க.

வெள்ளை_எலி எழுதியது:

வந்திருச்சு. உசிர் வந்திருச்சு.

பனங்காட்டான் எழுதியது:

நான் திரும்ப வந்திருக்கேன், ரெண்டு புது வில்லங்கத்தோட.

ஒண்ணு: /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-ல இருந்த ஒரு ஸ்கிரிப்டை ~/பின்-க்கு மாத்தினேன். பேரை அடிச்சா "/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பொறுக்கி: நோ சச் ஃபைல்" னு பழைய இடத்தையே தேடுது. ஆனா விச் அடிச்சா புது இடத்தைச் சரியாக் காட்டுது!

ரெண்டு: எஸ்டிகே அப்டேட் பண்ணேன். .பாஷ்_ப்ரொஃபைல் மறுபடி முளைச்சிருக்கு. மறுபடி கலர் போச்சு.

வேகப்புயல் எழுதியது:

முதலாவதுக்கு ஹாஷ் -ஆர் அடிங்க. ஒரு தடவை கண்டுபிடிச்ச கமாண்டோட இடத்தை பாஷ் ஞாபகம் வச்சுக்கும், ஒவ்வொரு தடவையும் தேடாது. விச் தனி ப்ரோக்ராம், அதுக்கு அந்த ஞாபகம் தெரியாது. அதனால விச்-ஐ நம்பாதீங்க, டைப் பொறுக்கி னு கேளுங்க. ஷெல்லே பதில் சொல்லும், ஏலியாஸ் (சுருக்குப் பேர்) இருந்தா அதையும் காட்டும். ஒரே பேர் நாலு இடத்துல இருந்தா, டைப் -ஏ போட்டா நாலையும் வரிசையாக் காட்டும்.

சர்வர்_அக்கா எழுதியது:

ரெண்டாவதுக்கு: அழிச்சா அது திரும்ப வரத்தான் செய்யும். ஒவ்வொரு இன்ஸ்டாலரோடவும் மல்லுக்கட்ட முடியாது. அது உருவாக்கின .பாஷ்_ப்ரொஃபைலை அப்படியே விட்டுட்டு, தலையில இந்த ஒரு வரியைச் சேருங்க:

. "$ஹோம்/.ப்ரொஃபைல்"

முதல்ல இருக்கிறது புள்ளி, பிறகு இடைவெளி. உங்க சொந்தச் சமாச்சாரம் எல்லாம் .ப்ரொஃபைல்ல இருக்கட்டும். இனி எந்த இன்ஸ்டாலர் வந்தாலும் .பாஷ்_ப்ரொஃபைலோட அடியில தன் வரியை ஒட்டிட்டுப் போகும். முன்னாடி எஸ்டிகே வரியை .ப்ரொஃபைலுக்கு மாத்தினீங்களே, அதை அங்க இருந்து எடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டு தடவை வரும்.

பனங்காட்டான் எழுதியது:

சேர்த்தாச்சு, பழைய வரியையும் எடுத்தாச்சு. டிஆர் போட்டுப் பார்த்தேன்: ~/பின் முதல்ல, எஸ்டிகே கடைசில, வெறும் வரி இல்ல. அப்டேட்டை இன்னொரு தடவை ஓட்டியும் பார்த்துட்டேன், இந்தத் தடவை எதுவும் உடையல.

கடிச்ச_ஆப்பிள் எழுதியது:

ஃபிஷ் ஷெல் ஆளுங்க யாராவது இருந்தா: ஃபிஷ்_ஆட்_பாத் ~/பின். ஒரு தடவை அடிச்சா போதும், ஃபைலைத் திறக்கவே வேண்டாம்.

வேகப்புயல் எழுதியது:

இதை முதல் பக்கத்துலயே சொல்லியிருக்கலாமே ஐயா!